தமிழ்நாட்டில் எந்த ஊர் பாதுகாப்பு? பட்டியலை நம்பி வீடு மாத்தலாமா?

கேள்வி: 8 ஜூன் 2025, இரவு 9.40

பொண்ணுக்கு இந்த வருஷம் காலேஜ். சென்னை, கோவை, மதுரை, நெல்லை நாலு ஊர்லயும் இடம் கிடைக்கும் போல இருக்கு. தமிழ்நாட்டுலயே பாதுகாப்பான ஊர் கோவைதான்னு வாட்ஸப்ல ஒரு பட்டியல் வந்துச்சு, லட்சம் பேருக்கு இத்தனை குற்றம்னு நம்பரோட. நெல்லைன்னா வீட்டம்மா பயப்படுறாங்க. மதுரை பேச்சையே எடுக்க விட மாட்டேங்குறாங்க. குடும்பத்தோட கோவைக்கே போயிடலாமான்னு யோசனை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

8 ஜூன் 2025, இரவு 11.20

அந்தப் பட்டியல் எங்க அபார்ட்மென்ட் குரூப்லயும் சுத்துது சார். எங்கேருந்து எடுத்ததுன்னு போடல. ஆனா லட்சம் பேருக்கு இத்தனைன்னு இருந்தா அது பெரும்பாலும் என்சிஆர்பி, அதாவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட வருடாந்தர அறிக்கைல இருந்து உருவினதாத்தான் இருக்கும். அதுல நகரங்களுக்கான முக்கிய அட்டவணைல 20 லட்சத்துக்கு மேல ஜனம் இருக்குற 19 ஊர் மட்டும்தான் வரும். நம்ம மாநிலத்துல இருந்து சென்னை, கோவை. மதுரையும் திருச்சியும் 10 லட்சத்தைத் தாண்டினதால கூடுதல் அட்டவணைல ஒதுங்கி நிக்கும். நெல்லை, சேலம், திருப்பூர் நகர அட்டவணை எதுலயும் கிடையாது. மாவட்டவாரிக் கணக்குல தேடினா எண்ணிக்கை கிடைக்கும், விகிதம் நாமளே போட்டுக்கணும்.

ஆக, ரெண்டு பேர் ஓடின பந்தயத்துல கோவைக்கு முதல் பரிசு.

நான் யாருன்னா, பாளையங்கோட்டைக்காரி. மோட்டார் இன்சூரன்ஸ்ல வண்டி திருட்டு க்ளெய்ம் பாக்குற வேலை. சென்னை, மதுரைன்னு சுத்தி இப்ப கோவையில இருக்கேன். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து எஃப்ஐஆர் நகலுக்குக் காத்துக் கிடந்தே தலை நரைச்சுப் போச்சு. மிச்சம் நாளைக்கு எழுதறேன்.

9 ஜூன் 2025, காலை 7.05

விகிதம்னா ஒரு எண்ணை இன்னொண்ணால வகுக்கணும். ரெண்டுலயும் கோளாறு இருக்கு.

வகுக்குற எண் மக்கள்தொகை. மாநிலத்துக்குன்னா அந்தந்த வருஷத்துக்கு மதிப்பிட்ட தொகையை எடுத்துக்கறாங்க. நகரத்துக்கு மட்டும் 2011 கணக்கெடுப்பு எண்தான், இன்னைக்கு வரைக்கும். அடுத்த கணக்கெடுப்பு 2027னு இப்பத்தான் அறிவிச்சிருக்காங்க. கோவையில சரவணம்பட்டி 2011ல எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு? வந்து குவிஞ்ச ஜனம் செய்யற குற்றமும், அவங்க குடுக்கற புகாரும் மேல சேரும். அவங்க தலை மட்டும் கீழ சேராது. அதனால வேகமா வளர்ற ஊரு ஒண்ணுமே மாறலன்னாலும் வருஷா வருஷம் மோசமாத் தெரியும்.

அடுத்தது எல்லை. அந்த 2011 எண்ணுல கோவைக்கு 21 லட்சம் சொச்சம். அது மாநகராட்சி எண் இல்ல, சுத்துப்பட்டு ஊரெல்லாம் சேத்த நகரத் தொகுப்பு. பெரியநாயக்கன்பாளையம், மதுக்கரை எல்லாம் அதுல உண்டு. ஆனா அந்த ஸ்டேஷன்கள் கமிஷனர் கீழ இல்ல, மாவட்ட எஸ்பி கீழ. தலை ஒரு எல்லைல எண்றோம், வழக்கை வேற எல்லைல எண்றோம்.

9 ஜூன் 2025, மதியம் 1.30

சென்னை இன்னும் வேடிக்கை. 2008ல புறநகருக்குத் தனி கமிஷனரேட் வந்துச்சு. 2011ல திரும்ப சென்னையோட சேத்தாங்க. 2022 ஜனவரி 1ல இருந்து ஆவடி, தாம்பரம் ரெண்டு தனி கமிஷனரேட். "சென்னையில குற்றம் குறைஞ்சிருக்கு"ன்னு யாராச்சும் 2021க்கும் 2022க்கும் ஒப்பிட்டா, எந்தச் சென்னைன்னு முதல்ல கேளுங்க.

10 ஜூன் 2025, இரவு 10.10

ஒரு தம்பி மேல எழுதியிருக்காரு, 2020ல குற்றம் பதிவானதுல தமிழ்நாடுதான் இந்தியாவுலயே முதலிடம், அந்த வருஷம் ரௌடி ராஜ்யம்னு. தம்பி, 2020ல நீங்க எங்க இருந்தீங்க? வீட்டுக்குள்ளதானே? ஊரடங்குல வெளிய வந்தவன் மேல எல்லாம் 188 போட்டாங்க, அரசு உத்தரவை மீறினதுக்கு. லட்சக்கணக்குல. பால் வாங்கப் போனவரும் அந்தக் கணக்குல ஒரு குற்றம்தான். எங்க மாமாவும் ஒரு குற்றம். இன்னமும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.

11 ஜூன் 2025, இரவு 11.50

இன்னைக்கு வேலையில நடந்ததை வச்சே சொல்லிடறேன், இதுதான் எனக்கு முக்கியமாப் படுற விஷயம்.

ஒரு பையன் வந்தான். பல்சர், அரசு ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினது, காணோம். கையில ஒரு சின்னச் சீட்டு. சிஎஸ்ஆர். தமிழ்நாட்டுல புகார் குடுத்த எல்லாருக்கும் தெரிஞ்ச சீட்டுதான், மனு வாங்கிக்கிட்டோம்ங்கறதுக்கு ரசீது. அவன் அதையே எஃப்ஐஆர்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு சாவி, ஆர்சி, பாலிசி எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டுவந்திருந்தான். இது பத்தாதுப்பான்னேன். "ஸ்டேஷன்ல ரெண்டு நாள் தேடிப் பாக்கச் சொன்னாங்க மேடம். யாராச்சும் தெரியாம மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பாங்களாம்"னான். ரெண்டு நாள் ரெண்டு வாரமாகி, இப்ப மூணாவது வாரம் ஓடுது.

அந்த வண்டி திருடு போனது ஊருக்கே தெரியும். வருடாந்தர அறிக்கைக்கு இன்னும் தெரியாது. சிஎஸ்ஆர் எந்த விகிதத்துலயும் ஏறாது, எஃப்ஐஆர் மட்டும்தான் ஏறும். பிடியாணை இல்லாமக் கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் 2013லயே லலிதா குமாரி வழக்குல சொல்லிருச்சு. சொன்னா?

போடாததுக்குக் காரணம் கெட்ட எண்ணம்னு மட்டும் நெனச்சுடாதீங்க. எழுதினா கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கலன்னா மாசாந்தரக் குற்றக் கூட்டத்துல இன்ஸ்பெக்டர் நின்னு பதில் சொல்லணும். நிலுவை ஏறிக்கிட்டே போகும். எந்த அதிகாரி வந்த அன்னைக்கே எழுதச் சொல்றாரோ அவர் ஏரியா பேப்பர்ல மோசமா நிக்கும். திருப்பி அனுப்பறவர் ஏரியா அமைதிப் பூங்கா. சென்னையில ஒரு ஸ்டேஷன்ல புது இன்ஸ்பெக்டர் வந்த மாசத்துல இருந்து எங்க க்ளெய்ம் ஃபைல் மளமளன்னு நகர ஆரம்பிச்சுது. அந்த ஏரியாவுல திடீர்னு திருடன் பெருகிட்டானா என்ன.

செல்போன் இதைவிட மோசம். பஸ்ல எவனோ உருவினதை "தவற விட்டுவிட்டேன்"னு எழுதிக் குடுங்கம்பாங்க. அதுக்கு ஒரு ரசீது கிடைக்கும், புது சிம் வாங்க அது போதும். திருட்டு தொலைப்பாயிடுச்சு, முடிஞ்சது.

12 ஜூன் 2025, காலை 6.40

"அப்ப எந்த நம்பரையும் நம்பக் கூடாதா அக்கா?"ன்னு கேக்குறாங்க. ரெண்டு நம்பரை ஓரளவு நம்பலாம். ஒண்ணு கொலை. பிணத்தைச் சிஎஸ்ஆர்ல மறைக்க முடியாது. இன்னொண்ணு வண்டி திருட்டு, இன்சூரன்ஸ் இருக்குறவன் விட மாட்டான், எஃப்ஐஆர் இல்லாம ஒரு பைசா வராது. தாமதமாகும், ஆனா கடைசில ஏறிடும். பழைய வண்டிக்காரங்க, மூணாம் நபர் காப்பீடு மட்டும் வச்சிருக்கறவங்க, அவங்களும் புகார் குடுக்க வருவாங்க. வண்டி மேல ஆசையால இல்ல. அதுல ஏறி எவனாச்சும் செயின் அறுத்துட்டா போலீஸ் நம்ம வீட்டுக்கு வந்து நிக்குமேங்கற பயம்.

வழிப்பறி, அடிதடி, கேலி கிண்டல், இதுலெல்லாம் ஊருக்கு ஊர் ஒப்பிடறது வீண்.

12 ஜூன் 2025, இரவு 9.15

காலைல எழுதினதை நானே கொஞ்சம் திருத்தறேன். கொலை எண்ணிக்கை நம்பகமானதுதான். ஆனா அது உங்க பொண்ணுக்கு என்ன சொல்லுது? கொலைல பெரும்பாலானது தெரிஞ்சவங்களுக்குள்ள. குடிச்சிட்டு அண்ணன் தம்பி தகராறு, சொத்து, பழிக்குப் பழி. சென்னையில போன வருஷம் ஜூலையில பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கைப் பெரம்பூர்ல வெட்டினாங்க, கமிஷனரையே மாத்தினாங்க. ஊரே ஆடிப் போச்சு. அதுக்காக பெரம்பூர்ல ட்யூஷன் போற பிள்ளைக்கு அன்னையில இருந்து ஆபத்து கூடிருச்சான்னா, இல்ல.

இன்னொண்ணு, சின்ன ஊர்னா எண்ணும் சின்னது. வருஷம் இருபது நடக்குற ஊர்ல ஒரே பகையில அஞ்சு விழுந்தா "25 சதவீதம் உயர்வு"ன்னு தலைப்புப் போடுவான்.

14 ஜூன் 2025, காலை 10.30

நெல்லைக்கு வரேன். எங்க ஊரு, விட்டுக் குடுக்க மாட்டேன், அதே சமயம் பூசி மெழுகவும் மாட்டேன்.

அருவா அருவாங்குறாங்க. எங்க வீட்டு அருவா இளநி வெட்டவே மொட்டையாக் கெடக்கு. பாளையங்கோட்டையில பள்ளிக்கூடமும் காலேஜும் தெருவுக்குத் தெரு. வெளியூர்ப் பிள்ளைங்க தலைமுறை தலைமுறையா ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சிட்டுப் போயிருக்காங்க. ஜங்ஷன்ல ராத்திரி அல்வாக்கடை கூட்டத்துல நின்னா உங்களை யாரும் ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டான்.

ஆனா 2024 டிசம்பர்ல நீதிமன்ற வாசல்லயே பட்டப்பகல்ல ஒரு வாலிபரை வெட்டினாங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பன்னெண்டாம் வகுப்புப் படிச்ச பட்டியல் சமூகத்துப் பையனைக் கூடப் படிச்ச பிள்ளைங்களே வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம்தான் நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டு, பள்ளிக்கூடத்துக்குச் சாதிக் கயிறு கட்டிட்டு வரக் கூடாதுங்கற வரைக்கும் பரிந்துரை எழுத வேண்டியதாச்சு.

இதுல ரெண்டு விஷயம். நாங்குநேரி மாவட்டப் போலீஸ் எல்லை, நெல்லை மாநகரக் கணக்குல அது வரவே வராது. அதைவிடப் பெருசு, லட்சம் பேருக்கு இத்தனைங்கற சராசரில லட்சம் பேருக்கும் ஒரே ஆபத்துன்னு ஆயிடுது. அதே ரோட்டுல நான் சைக்கிள்ல போனதும் அந்தப் பையன் நடந்து போனதும் ஒண்ணா? யாரோட பாதுகாப்புன்னு கேக்காம ஊர்ப் பாதுகாப்பு பேசறவங்க பெரும்பாலும் எங்களை மாதிரி, எதுவும் நடக்காத தெருவுல வளந்தவங்கதான்.

14 ஜூன் 2025, இரவு 8.00

நெல்லைக்காரங்க ரெண்டு பேர் தனிச் செய்தியில திட்டியிருக்காங்க. ஒருத்தர் ஊரைக் கேவலப்படுத்திட்டேன்னு, இன்னொருத்தர் ஊரைத் தூக்கி வச்சிட்டேன்னு. ரெண்டு பேரும் ஒரு டீக்கடையில உக்காந்து பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க வே.

17 ஜூன் 2025, இரவு 11.30

பெண்களுக்கு எதிரான குற்றத்துல தமிழ்நாடு ரொம்பக் கீழ இருக்குன்னு ஒரு சார் பெருமையா எண் போட்டிருக்காரு. அவர் சொன்ன எண் சரிதான். உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம்.

நாடு முழுக்க அந்தத் தலைப்புல பெரிய பங்கு கணவன், மாமியார் வீட்டுக் கொடுமை வழக்கு, பழைய 498ஏ. தமிழ்நாட்டுல 1992ல ஆயிரம் விளக்குல ஆரம்பிச்சு ஊரெல்லாம் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்துச்சு. நல்ல விஷயம், மறுக்கல. ஆனா அங்க போனா முதல்ல மனு, அப்புறம் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரணை, அப்புறம் கவுன்சிலிங். என் சித்தி பொண்ணு போனா, எந்த ஊருன்னு வேணாம். கன்னம் வீங்கி, ஒரு காதுல கம்மல் இல்லாம. பெஞ்சுல இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் அவ புருஷன், நடுவுல மாமியார் சாப்பாட்டுத் தூக்கோட. மூணு தடவை வரச் சொன்னாங்க. மூணாவது தடவை சமாதானம்னு எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. எஃப்ஐஆர் கிடையாது. அந்த வருஷ அறிக்கையில அவ இல்ல.

சில குடும்பத்துக்கு அந்தச் சமாதானம் நிஜமாவே உதவுது, அதையும் பாத்திருக்கேன். ஆனா அதை வச்சு இந்த ஊர்ல கொடுமை இல்லன்னு எழுதக் கூடாது.

அடுத்து, தெருவுல நடக்கறது. பெண்களைத் துன்புறுத்தறதைத் தடுக்கத் தனிச் சட்டமே 1998ல கொண்டுவந்த மாநிலம் இது. டவுன் பஸ்ல இடிச்சவன் மேல ஸ்டேஷன் போய் எழுதிக் குடுத்த பொண்ணு உங்க பழக்கத்துல யாராச்சும் உண்டா? எனக்கு ஒருத்தியும் தெரியாது, நான் உட்பட. சேஃப்டி பின் வச்சிருப்போம். அந்தப் பின்னுக்கு எந்த அட்டவணையிலயும் வரிசை கிடையாது.

18 ஜூன் 2025, காலை 7.20

கேள்வி கேட்ட சார், உங்க பொண்ணு கிட்டயே ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.

20 ஜூன் 2025, இரவு 10.45

மதுரை. சினிமாக்காரங்க வெள்ளை வேட்டி, சுமோ, கத்தின்னு காட்டிக் காட்டி அந்த ஊரைக் கெடுத்து வச்சுட்டாங்க. நான் அங்க வேலை பாத்தப்ப ராமேஸ்வரம் பக்கம் போயிட்டு நடு ராத்திரி தாண்டி மாட்டுத்தாவணில இறங்குவேன். பரோட்டாக்கல் சத்தம், இட்லிக்கடை ஆவி, பூக்காரம்மா, ஊருக்குப் போற குடும்பம், ஆட்டோக்காரங்க சண்டை. பயமே வராது. பயப்படறதுக்கு இடம் விட்டாத்தானே?

கோவையில பத்து மணிக்கு மேல பீளமேட்டுல மெயின் ரோட்டை விட்டு ஒரு சந்து உள்ள போங்க. நல்ல ரோடு, நல்ல வீடு, உசரமான காம்பவுண்டு, கேமரா, ஒரு ஈ காக்கா கிடையாது. எண் எது சொன்னாலும் எனக்கு மாட்டுத்தாவணிதான் மேல்.

ஒரு மதுரை அண்ணன் கீழ எழுதியிருக்காரு, "அந்தக் கூட்டத்துலதான் அக்கா பர்ஸ் அடிக்கிறான், சித்திரைத் திருவிழால செயின் அறுக்கிறான்"னு. உண்மைதான் அண்ணே. பர்ஸுக்குக் கூட்டம் ஆபத்து, ஆளுக்குத் தனிமை ஆபத்து.

21 ஜூன் 2025, காலை 6.15

ராத்திரி எழுதினதுல ஒரு பக்கம் விட்டுப் போச்சு. கூட்டம் இருந்தாலும் காப்பாத்தும்னு இல்ல. 2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துல காலை நேரத்துல பிளாட்பாரத்துல ஆள் இருக்கும்போதே ஒரு ஐடி பொண்ணை வெட்டிட்டுப் போனான். நிலையத்துல கேமராவே இல்ல அப்ப. கொலையாளி எந்தப் பக்கம் போனான்னு வெளித் தெருக் கேமராவுல தேடினாங்க. அதுக்கப்புறம் சென்னையில மூன்றாவது கண் திட்டம்னு கடை கடையா, தெருத் தெருவா கேமரா வைக்கச் சொன்னாங்க. செயின் பறிப்புல அது நல்லாவே வேலை செஞ்சுது.

அந்த வழக்கு முதல்ல ரயில்வே போலீஸ் கையில இருந்து அப்புறம்தான் மாநகரப் போலீஸுக்கு வந்துச்சு. ஸ்டேஷன் கேட்டுக்கு உள்ள நடந்தா ரயில்வே எல்லை, அதுக்குக் கணக்கும் தனி. மின்சார ரயில்லயே வாழ்க்கை ஓட்டற சென்னைக்காரங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

29 ஜூன் 2025, மதியம் 3.00

கோவையை ரொம்ப இறக்கிட்டேன்னு ஒரு கோவைத் தம்பி வருத்தப்படுறார். இல்லப்பா, நானே இங்கதான் குடியிருக்கேன், மரியாதையான ஊரு. "வாங்க போங்க"ன்னுட்டுத்தான் திருடனே திருடுவான்.

ஆனா மாநகர எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் கிழக்கால போங்க. பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்துல 2024 நவம்பர்ல தோட்டத்து வீட்டுல அப்பா, அம்மா, மகன் மூணு பேரைக் கொன்னாங்க. இந்த வருஷம் ஈரோடு சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்துல வயசான தம்பதி. கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடு எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நடுவுல வீடு, சுத்தியும் தென்னை, பக்கத்து வீடுன்னா கூப்பிடு தூரத்துலகூட இருக்காது. பிள்ளைங்க கோவையிலயோ பெங்களூர்லயோ. இருக்கறது ரெண்டு பெரியவங்க, ஒரு நாய், பீரோவுல நகை. நகரத்துல பத்திரமா வேலை பாக்குற பிள்ளைங்க விட்டுட்டு வந்த வீடுங்க அது. கோவை மாநகர அட்டவணை இதுக்கெல்லாம் சுத்தமா இருக்கும்.

கொசுறு: ஒரே எஃப்ஐஆர்ல கொலையும் கொள்ளையும் இருந்தா பெரிய குற்றம் ஒண்ணை மட்டும்தான் என்சிஆர்பி எண்ணும். அங்க போன நகை எந்தக் கொள்ளைக் கணக்குலயும் தெரியாது.

13 ஜூலை 2025, இரவு 9.30

"சென்னைதான் பெண்களுக்கு முதல் இடம்"னு வந்த இன்னொரு பட்டியலை ஒட்டியிருக்காங்க. அது அவ்தார்ங்கற நிறுவனம் போடறது. 2022, 2023 ரெண்டுலயும் பெரிய நகரத்துல சென்னை, 10 லட்சத்துக்குக் கீழ திருச்சி முதல். 2024ல பெங்களூர் முந்திருச்சு. அது குற்றப் பட்டியலே இல்ல, வேலைவாய்ப்பு, சமூகச் சூழல்னு பலதையும் சேத்துக் கலக்கினது. அதுல திருச்சி 10 லட்சத்துக்குக் கீழ, என்சிஆர்பியில 10 லட்சத்துக்கு மேல. மாநகராட்சி எல்லைல எண்ணினா கீழ, தொகுப்பா எண்ணினா மேல. மலைக்கோட்டை நகரவே இல்ல.

நம்பியோன்னு ஒரு தளம் இருக்கு, அதுல வர்ற நகரக் குறியீடு இணையத்துல ஆட்கள் போய்ச் சொல்ற அபிப்பிராயம். அதை வச்சுச் சண்டை போடாதீங்க.

24 ஆகஸ்ட் 2025, காலை 8.10

கேள்வி கேட்ட சார் வந்து சொல்லிட்டாரு, பொண்ணு சென்னையில சேந்துட்டாளாம். வாழ்த்துகள். பாதுகாப்பா இருக்கட்டும்னு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்திருக்காராம்.

சார், தப்பா எடுத்துக்காதீங்க, நான் மோட்டார் க்ளெய்ம்காரி. 2022ல தமிழ்நாட்டுல கொலை வழக்கு சுமார் 1,700. அதே வருஷம் சாலை விபத்துல செத்தவங்க 17,884. பத்து மடங்குக்கும் மேல. கொலைக்காரனுக்குப் பயந்து மாநிலம் பூரா அலசின அப்பா, ஹெல்மெட் வாங்கிக் குடுத்தாரான்னு எழுதல. ஐஎஸ்ஐ முத்திரை போட்டது, தாடைப் பட்டை மாட்டற மாதிரி. பின்னாடி உக்காரற தோழிக்கும் ஒண்ணு.

5 அக்டோபர் 2025, இரவு 10.00

என்சிஆர்பியோட 2023 அறிக்கை இப்பத்தான் வந்திருக்கு. ஆமா, 2023க்கு. 2025 கடைசில.

நகர அட்டவணைல கொச்சி லட்சத்துக்கு 3,192. கொல்கத்தா 83.9. அதாவது கொல்கத்தாவைவிடக் கொச்சி 38 மடங்கு ஆபத்தாம். கோவைல இருந்து கொச்சிக்கு வாரக் கடைசில போயிட்டு வர்றவங்க எத்தனை பேர் இங்க இருக்கீங்க? கச்சை கட்டிக்கிட்டா போனீங்க? கேரளாவுல சின்னச் சமாச்சாரத்துக்கும் வழக்குப் பதியற பழக்கம், ஸ்டேஷன்ல போய்ச் சண்டை போட்டு எழுத வைக்கிற பழக்கம் ரெண்டும் உண்டு. வழக்குப் பதிவு கூடறதும் குற்றம் கூடறதும் ஒண்ணில்லன்னு என்சிஆர்பியே தன் அறிக்கையில எழுதி வச்சிருக்கு. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டேங்கறாங்க.

பட்டியல்ல மேல இருக்குற ஊர்ல என் புகாரை எழுதிக்குவாங்கங்கற நம்பிக்கையாவது இருக்கும்னு சில சமயம் தோணுது.

6 நவம்பர் 2025, இரவு 11.10

கோவை விமான நிலையத்துக்குப் பின்னால நடந்தது எல்லாருக்கும் தெரியும். நவம்பர் 2 ராத்திரி, ஒரு கல்லூரி மாணவியைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை பண்ணினாங்க. மூணு பேரைக் கால்ல சுட்டுப் புடிச்சிருக்காங்க. இந்த இழையைத் தோண்டி எடுத்து "கோவை பாதுகாப்புன்னு சொன்னவன் எங்க?"ன்னு கேக்குறாங்க.

ஒரு சம்பவத்தால ஊர் கெட்ட ஊராயிடாது, ஒரு பட்டியலால நல்ல ஊராவும் ஆயிடாது. எனக்குக் கோபம் வேற இடத்துல. "அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை"ன்னு இதே இழையில மூணு பேர் எழுதியிருக்கீங்க. அதைப் படிக்கிற பொண்ணு நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா ஸ்டேஷன் பக்கம் போவாளா? போக மாட்டா. உங்க ஊர் விகிதம் குறையும். அடுத்த வருஷம் அதையும் பெருமையா ஒட்டுங்க.

அங்க இருட்டு, காலி இடம், உள்ள குடிச்சிட்டு உக்காரறவங்க. சுத்தி இருக்குறவங்களுக்குப் புதுசில்ல இது. நாலு லைட் போட்டு, ரோந்து வண்டியை உள்ள திருப்பி விட அறிக்கை வரைக்கும் காத்திருக்கணுமா?

7 நவம்பர் 2025, காலை 6.30

அந்த மூணுல ரெண்டு பேர் எழுதினதை அழிச்சுட்டாங்க. மூணாவது ஆள் இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காரு. நான் பதில் சொல்றதா இல்ல.

14 டிசம்பர் 2025, இரவு 9.50

ஒரு சட்டக் கல்லூரித் தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்காரு: புதுச் சட்டத்துக்கு அப்புறம் ஊர்களை ஒப்பிடறது சுலபமாகுமான்னு.

ஒரு விஷயத்துல ஆகலாம். பழைய ஐபிசியில, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துல, செயின் பறிப்புக்குன்னு தனிப் பிரிவு இல்ல. ஒரு ஸ்டேஷன் 392 போடும், அது வழிப்பறி. இன்னொண்ணு 379 போடும், வெறும் திருட்டு. கழுத்துல காயம் இருந்தா ஒண்ணு, இல்லன்னா ஒண்ணு, மேலதிகாரி மனசைப் பொறுத்து ஒண்ணு. ஒரே மாதிரி பறிப்பு ஒரு ஊர்ல வழிப்பறி வரிசைல ஏறும், பக்கத்து ஊர்ல திருட்டு வரிசைல ஏறும். பேப்பர்ல வழிப்பறி வரிசையைத்தான் தலைப்பாப் போடுவான். 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) 304னு பறிப்புக்குத் தனிப் பிரிவு வந்தாச்சு. இந்த மார்ச்ல சென்னையில விமானத்துல வந்து இறங்கி ஒரே காலையில வரிசையா அறுத்துட்டு விமானத்துலயே திரும்பப் பாத்தாங்களே, அந்த மாதிரி வேலைக்கெல்லாம் இனிமே ஒரே வரிசைல இடம் இருக்கு. அதுலயும் அடிச்சு, மிரட்டிப் பறிச்சா பழையபடி வழிப்பறிதான், எந்தப் பக்கம் தள்றதுங்கற இழுபறி முழுசாப் போகாது.

2024 அறிக்கை எப்படியும் குழப்பம்தான். முதல் ஆறு மாசம் ஐபிசி, அடுத்த ஆறு மாசம் பிஎன்எஸ். 2023ஓட அதை ஒப்பிட்டு யாராச்சும் பட்டியல் போட்டா அப்பவே மூடிடுங்க. முழு வருஷமும் புதுச் சட்டத்துல ஓடினது 2025தான். அந்த அறிக்கை வந்ததும் சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, மதுரைன்னு எடுத்து பறிப்புக்கான 304க்கும் வெறும் திருட்டுக்கான 303க்கும் என்ன விகிதம்னு பாக்கப் போறேன். ரெண்டு ஊர்ல அந்த விகிதம் ஒரேயடியா வித்தியாசப்பட்டா அதைத் திருடனோட பழக்கம்னு நான் எடுத்துக்க மாட்டேன், ஸ்டேஷன்ல வழக்கு எழுதற ரைட்டரோட பழக்கம்னுதான் எடுத்துக்குவேன்.